அருணகிரி வர்ற நேரம்

இன்ஸ்பெக்டர் அருணகிரி மீசையை முறுக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து குதித்துவிட்டால் வீட்டில் அரை மணி நேரம் நிம்மதி என்று கண்டுபிடித்தவன் அறிவுச்செல்வன். கண்டுபிடித்தது அவன், அனுபவித்தது அவன் பெண்டாட்டி ஹேமலதா. அவன்தான் விடிவதற்குள் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டுக்குப் போய்விடுகிறானே. மாமனார் தர்மராஜோடும் நாலு வயது மகன் மகிழனோடும் பகல் பூராவும் மல்லுக்கட்டுகிறவள் அவள்.

தர்மராஜ் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் சாந்தா போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் "இன்னைக்கு வூட்ல சமைக்கலியா?" என்பார். கண் அசந்தால் நாலு ரோடு வரைக்கும் நடந்துபோய், வருகிற லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஆர்.சி. புக் கேட்பார். சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர் ஒருத்தன், மடியில் கனமோ என்னவோ, பயந்துபோய்க் காகிதத்தையெல்லாம் எடுத்து நீட்டியேவிட்டான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "சரி, போ" என்று அனுப்பிவைத்தார். தெருவே சிரித்தது. ஹேமலதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவரைத் தேடி வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள் அவள்.

பழைய ஞாபகம் எதையாவது காட்டிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து, தொண்ணூறுகளில் செவ்வாய்க்கிழமை தோறும் டிவியில் வந்த 'இன்ஸ்பெக்டர் அருணகிரி' நாடகத்தை யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் முதல் வாரத்திலிருந்து வரிசையாக ஏற்றிவைத்தான். அந்தக் காலத்தில் அருணகிரி வருகிற நேரம் தெருவில் நாய்கூட நடமாடாதாம். "சட்டம் கண்ணை மூடும், அருணகிரி மூடமாட்டான்!" என்று அவர் சொன்னால் டிவி இருக்கிற வீட்டு ஜன்னலில் தொங்குகிற கூட்டமெல்லாம் கைதட்டுமாம்.

அறிவுச்செல்வனுக்கு முதலில் தயக்கம்தான். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அருணகிரியின் பாட்டு கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நாடகம் முடிந்து, செய்தி தொடங்கிய பிறகுதான் திரும்பி வருவார். "அசல் போலீசுக்கு வேசம் போட்ட போலீசப் பாத்தா புடிக்குமா?" என்று சாந்தா சொல்வாள். அது வீட்டில் ஒரு பெருமையாகவே நின்றுவிட்டது. ஆனால் இப்போது போட்டுக்காட்டினால் மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. முதுகை நிமிர்த்திச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், அருணகிரி வாய் திறப்பதற்கு முன்னாலேயே வசனத்தைச் சொன்னார். தொப்பி கோணலாக இருந்தால் திட்டினார். "லாக்கப்புல போடறதுக்கு முன்ன அரைஞாண் கயித்த அவுக்கணும்டா. இதுகூடத் தெரியாம நாடகம் எடுக்க வந்துட்டானுவ" என்று டைரக்டரை வைதார்.

பார்க்காத நாடகத்தின் வசனம் இவருக்கு எப்படி மனப்பாடம் என்று ஹேமலதா ஒரு நாள் யோசித்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யோசனையும் அதோடு ஆவியாகிவிட்டது. பார்த்தவரைக்கும் மறுபடி மறுபடி போட்டாள். தினம் ஒரு வாரத்துக் கதை புதிதாகவும் போட்டாள்.

ஐப்பசி மழைக்காலத்தில், மகிழனுக்கு ஸ்கூல் லீவான ஒரு முற்பகல். டிவியில் அருணகிரி ஒரு நகைத் திருட்டைத் துப்பறிந்துகொண்டிருந்தார். அதற்கு முன் போடாத கதை அது. மகிழன் தரையில் பொம்மை ஜேசிபியை வைத்துக்கொண்டு மண் அள்ளுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தான். தர்மராஜ் அன்றைக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. தொப்பியைக் குறை சொல்லவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு பார்த்தபடி இருந்தார். சரி, கதையில் ஒன்றிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, தூறல் விழுந்ததும் ஹேமலதா மாடிக்கு ஓடினாள். முந்தின நாள் துவைத்த துணியெல்லாம் கொடியில் கிடந்தது. மாடிப்படி வீட்டுக்கு வெளியே. போனைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். துணி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. வாசல் கிரில் கேட்டைத் தள்ளினாள். நகரவில்லை. உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது.

"மாமா, கேட்டத் தொறங்க. துணியெல்லாம் நனையுது."

கம்பிக்கு ஊடே ஹாலை எட்டிப் பார்த்தாள். ஹாலின் நடுவில் ஒரு குவியல். அவள் சேலைகள், துண்டுகள், அறிவுச்செல்வனின் பெல்ட், மகிழனின் ஸ்கூல் டை, போன் சார்ஜர் ஒயர், பாவாடை நாடாகூட. வீட்டில் கயிறு என்று சொல்லத்தக்க ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் கொண்டுவந்து போட்டிருந்தார். அவற்றுக்குப் பக்கத்தில் தர்மராஜ் மகிழனை நிற்க வைத்திருந்தார். பிள்ளையின் சட்டை மார்புவரை தூக்கியிருந்தது. அவர் கையில் காய் நறுக்குகிற கத்தி.

கத்த வாயெடுத்த ஹேமலதா நிறுத்திக்கொண்டாள். கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு நகருவான், நகர்ந்தால் கத்தி எங்கே இறங்கும்? கம்பியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தர்மராஜ் குனிந்து, மகிழனின் இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றை விரலால் இழுத்து, கத்தியை வைத்து ஒரே அறுப்பாக அறுத்தார். பிள்ளையின் மேல் கீறல் விழவில்லை. கத்தியை மேஜையில் வைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக் குவியலில் போட்டார். "உன் சாமான் பத்திரமா இருக்கும். வெளிய போறப்ப வாங்கிக்க" என்றார். குரலில் கோபம் இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

கத்தி பிள்ளையைத் தொடாததற்கு நன்றி சொல்லத் தோன்றாமல் அவளுக்கு வேறொரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஆம்பளைக்கு அரைஞாண் கயிறு அற்றுப்போனால் புதுசு கட்டிக்கொள்வார்கள். அடுத்தவர் கையால் அறுப்பது ஒரே ஒரு தடவைதான், அதுவும் பாடையில் ஏற்றுவதற்கு முன்னால். நிற்கிற பிள்ளைக்கு அறுத்துவிட்டாரே!

"ஐயோ, மகிழா!" என்று அவள் அலறிவிட்டாள்.

"அம்மா!" என்று அவன் வாசலைப் பார்த்து ஓடிவரப் பார்த்தான். தர்மராஜ் அவன் கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போய் ஹால் கோடியில் இருந்த பாத்ரூமுக்குள் விட்டு, வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு சமையலறைப் பக்கம் சாத்திவைத்திருந்த துடைப்பக்கட்டையைத் தோளில் துப்பாக்கிபோல் சாய்த்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

உள்ளே பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதான். ஹேமலதாவுக்கு அழுகையைவிட வேறொன்று பயமூட்டியது. பாத்ரூமில் பெரிய நீல டிரம். நகராட்சித் தண்ணீர் காலையில்தான் வந்தது. அவளே தளும்பத் தளும்ப நிரப்பிவைத்தாள். பக்கத்தில் கவிழ்த்த வாளி. மகிழனுக்கு அதன்மேல் ஏறி டிரம்மில் கப்பல் விடுவது விளையாட்டு. அவள் இல்லாமல் அவனை அந்தப் பக்கம் விட்டதே இல்லை.

"ராசாத்தியக்கா! யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ராசாத்தி காலையிலேயே திருச்சிக்குப் போயிருந்தாள். எதிர் மனை காலி. மழை தகரக் கூரைமேல் கொட்டுகிற சத்தத்தில் அவள் குரல் தெருவரைக்கும் போனதா என்பதே சந்தேகம். மெயின் ரோட்டுக்கு ஓடினால் யாரையாவது கூட்டி வரலாம். ஆனால் அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. எடுத்தால் அந்த நொடியில்தான் எதுவோ நடக்கும் என்று பட்டது.

"மாமா, நான் ஹேமா. உங்க மருமவ. உள்ள இருக்கறது மகிழன், உங்க பேரப்புள்ள."

"எந்த ஹேமா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக அருணகிரியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் போலீஸ் மொழி கொஞ்சம் வரும். குரலைத் தடிமனாக்கி, "ஏட்டு தர்மராஜ்! கதவத் திற! இது டி.எஸ்.பி. ஆர்டர்!" என்று அதட்டினாள்.

அவர் குதிகால் ஒன்றோடொன்று முட்டியது. ஒரு நொடி, ஒரே நொடி, பலித்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈரத்துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணை டி.எஸ்.பி. என்று எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? அவர் முகம் கறுத்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"ஸ்டேசன் வாசல்ல நின்னுக்கிட்டு ஆபீசர் மாதிரி பேசுறியா? உன்னையும் புடிச்சு உள்ள தள்ளிருவேன், ஜாக்கிரத."

கத்தியோடு இரண்டு எட்டு முன்னே வந்தவர், அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கத்திப் பிடி தளர்ந்தது. "ஓ, நீயா? அரியமுத்து பொண்டாட்டிதானே நீ?"

அரியமுத்து. அந்தப் பெயரை ஹேமலதா ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். சாந்தா படுக்கையில் கிடந்தபோது சொன்னாள். உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் தர்மராஜ் கான்ஸ்டபிளாக இருந்த காலம். மோட்டார் திருட்டு என்று சந்தேகத்தில் பிடித்துவந்த அரியமுத்து என்ற கூலிக்காரன், அரைஞாண் கயிற்றையும் துண்டையும் முடிபோட்டு லாக்கப் கம்பியில் தூக்கு மாட்டிக்கொண்டான். அன்றைக்குப் பாரா நின்றது தர்மராஜ். பாரா நிற்கிறவன், அடுத்த ஆள் வந்து மாற்றிவிடுகிறவரைக்கும் லாக்கப்பை விட்டு அசையக் கூடாது. வயிற்றுப்போக்கு, கொல்லைக்குப் போயிருந்தார் என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். "அவருக்கு அன்னைக்கு வயித்துல ஒண்ணுமில்ல ஹேமா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன் புருசனுக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் பாரா. நீ வூட்டுக்குப் போ" என்றார் தர்மராஜ். இப்போது குரலில் இரக்கம்கூட இருந்தது. பிறகு டிவிப் பக்கம் தலையைச் சாய்த்து, ரகசியம்போல் சொன்னார்: "எதுத்தாப்புல டீக்கடையில டிவி வச்சிருக்கான். அருணகிரி வர்ற நேரம். இங்கேருந்தே சத்தம் கேக்குது பாரு. பாதி பாத்துட்டு வந்துருவேன். அன்னைக்கும் பாதிதான் பாத்தேன்."

ஹேமலதாவுக்கு இப்போது விளங்கியது. வயிற்றுப்போக்கும் இல்லை, கொல்லையும் இல்லை. மனுஷன் பாராவை விட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போயிருக்கிறார். பாதிக் கதையில் கூச்சல் கேட்டு ஓடிவந்திருக்கிறார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பாட்டு கேட்டாலே எழுந்து ஓடியிருக்கிறார். இவர்களோ அதைப் பெருமை என்று பேசிச் சிரித்து, மறதி வந்து ஓடத் தெரியாமல் போனவரைப் பிடித்து உட்காரவைத்து, தினம் ஒரு வாரத்துக் கதையாக அந்த நாளைக்கே நடத்திக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். டிவியில் ஓடுவது அந்த வாரத்துக் கதை. அவர் பாதியில் விட்ட கதை.

பாத்ரூமிலிருந்து வந்த அழுகை நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் கவனிக்கத் தவறிவிட்டாள். காதைத் தீட்டிக் கேட்டாள். மழைச் சத்தம், டிவியில் அருணகிரியின் ஜீப் சத்தம், அவ்வளவுதான். கதவைத் தட்டுகிற சத்தம் இல்லை. வாளி நகர்கிற சத்தம் இல்லை. அவள் நினைப்பில் நீல டிரம்மும், அதற்குள் தலைகீழாக ஒரு சின்ன உடம்பும் வந்தன. "முருகா, முருகா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் முகத்தைப் பார்த்துத் தர்மராஜும் காதைத் தீட்டினார். அவர் தாடை மெல்லத் தொங்கியது. "சத்தம் வரலியே" என்றார்.

கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தொறந்து பாருங்க! ஐயா, தொறந்து பாருங்க!"

"பாராக்காரன் தனியா லாக்கப்பத் தொறக்கக் கூடாது. ஸ்டேசன் ரைட்டர் வரணும்." அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "ரைட்டர் சாப்புடப் போயிருக்காரு."

கதறினால் பயனில்லை, அதட்டினாலும் பயனில்லை. மருமகளை அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது அரியமுத்துவின் பெண்டாட்டியை. சரி, அவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஹேமலதா முடிவு கட்டினாள். அந்தப் பெண் அன்றைக்கு எதற்கு ஸ்டேஷனுக்கு வந்திருப்பாள்? புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் ஒரு ஏழைப் பெண்டாட்டி எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள்?

ஈரத்துணி மூட்டையைக் கம்பிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "ஐயா, சோறு கொண்டாந்திருக்கேங்க. காலையிலேருந்து அவரு பட்டினிங்க."

தர்மராஜ் மூட்டையைப் பார்த்தார். அவர் கண்ணில் என்ன தெரிந்ததோ, அது துணி இல்லை. "வச்சுட்டுப் போம்மா. நான் குடுத்துக்கறேன்" என்றார். சொன்ன விதத்திலேயே தெரிந்தது, அன்றைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"போவமாட்டேங்க. அவரு சாப்புடறதக் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

"சொன்னாக் கேளு."

"சூடு ஆறிப்போயிருங்க. இப்பவே குடுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்." அவள் ஈரச் சிமெண்டில் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை. அழுகை அசலாகவே வந்தது.

அந்தச் சமயத்தில்தானா அந்தப் பாழாய்ப்போன பாட்டு வரவேண்டும்! நாடகத்தின் நடுவில் விளம்பரத்துக்கு முன்னால் ஒரு தடவை பாட்டு வரும். தபேலாவும் விசிலுமாக அது கிளம்பியதும் தர்மராஜின் தலை தானாக டிவிப் பக்கம் திரும்பியது. கத்தியை மேஜையில் வைத்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். இன்னொரு காலையும் எடுத்து வைத்தார். பாத்ரூம் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இளவட்டம்போல் முகம் மலர்ந்து, டிவியை நோக்கிப் போனார்.

"போவாதீங்க!" என்று ஹேமலதா வீரிட்டாள். "நீங்க போனா அவரு செத்துருவாருங்க! போவாதீங்க ஐயா!"

அவர் நின்றார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பிறகு ஆணி அடித்த காலைப் பிடுங்குகிறவர்போல் மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பி நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். "ரைட்டர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்று தனக்குள் முனகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஹேமலதாவின் இடத்திலிருந்து உள்ளே பார்க்க முடியவில்லை. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அப்படியே குறுகிப்போனது.

"டேய்" என்றார். "டேய் அரியமுத்து. எந்திரிடா." இன்னும் தாழ்ந்த குரலில், கெஞ்சுவதுபோல், "சோறு வந்திருக்குடா. எந்திரிடா."

நீட்டிய கையைத் தொடாமலே இழுத்துக்கொண்டார்.

அவர் திரும்பிய முகத்தை ஹேமலதா சாகும்வரை மறக்கமாட்டாள். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், சுவரைப் பிடித்துப் பிடித்துக் கேட் வரை வந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டில் அது நுழையவில்லை. "நீயே பாரு தாயி. என்னால முடியல. என்னால பாக்க முடியல" என்று சாவியைக் கம்பிக்கு ஊடே அவள் கையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் எப்படிப் பூட்டைத் திறந்தாள், எப்படி ஹாலைத் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. துணிக் குவியலில் கால் சிக்கி விழுந்து, தவழ்ந்தே பாத்ரூம் வாசலுக்குப் போனாள். டிரம் அப்படியே இருந்தது, தளும்பிக்கொண்டு. கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தலை தொங்கிப்போய் மகிழன் உட்கார்ந்திருந்தான். தொட்டாள். சூடாக இருந்தான். கட்டை விரல் வாயில் இருந்தது. அழுது அழுது களைத்துப்போய் உறங்கிவிட்டிருந்தான். தூக்கத்திலேயே ஒரு விம்மல் விம்மினான்.

வாரி எடுத்து மார்போடு இறுக்கியதில் அவன் விழித்துக்கொண்டான். "தாத்தா என் கயித்த அறுத்துட்டாரும்மா" என்று முறையிட்டான்.

கேட்டோரம் உட்கார்ந்திருந்த தர்மராஜ் பிள்ளையின் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். "இருக்கானா?" என்றார். "உசுரோட இருக்கானா?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். ஹாலில் நாடகம் முடிகிறவரைக்கும் ஓடியது. அவர் பார்த்தாரா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அறிவுச்செல்வன் பாதி ஷிப்டில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துசேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வெளுத்த சிமெண்ட் தூசியோடு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். முடிவில், "இனிமே அந்த நாடகத்தப் போட வேணாம்" என்றான்.

"நாடகத்தப் போடாட்டி எல்லாம் சரியாயிருமா?" அவள் குரல் உயர்ந்தது. "நாளைக்கு வேற எதாச்சும் ஞாபகம் வரும். அப்ப கத்தி வேற எடத்துல இறங்கும். நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு அரும்பாவூர் போறேன். எங்க அம்மா வூட்ல இருந்துக்கறேன். நீங்க உங்க அப்பாவ வச்சுப் பாத்துக்குங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. போ என்று சொல்லவும் மனசில்லை. அவள் பையை எடுத்துத் துணி அடுக்கினாள். ஹாலில் கிடந்த குவியலிலிருந்துதான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டியிருந்தது. பாதி அடுக்கியதும் கை ஓடவில்லை. அதுவரை எங்கேயோ பதுங்கியிருந்த நடுக்கம் இப்போது மொத்தமாக வந்தது. பிள்ளை பார்க்கக் கூடாதென்று வாசலுக்குப் போய், படிக்கட்டுக்குக் கீழே நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே தர்மராஜ் மகனைக் கூப்பிடுவது கேட்டது.

"இங்க வாங்க சார். வாசல்ல ஒரு பொம்பள அழுவுது. அரியமுத்து பொண்டாட்டி. அது புருசன் நல்லா இருக்கான்னு யாராச்சும் போயி சொல்லுங்க. நான் பாத்தேன். நான் எங்கயும் போவல சார். இங்கயேதான் நின்னேன்."

அறிவுச்செல்வன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் வெளியே கேட்டது.

ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போக அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. கத்தி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டாள். பிறகு போய், அவருக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.

"பாத்துட்டேங்க ஐயா. நல்லாத்தான் இருக்காரு."

"சாப்புட்டானா?"

"சாப்புட்டாருங்க."

தர்மராஜ் நீளமாக மூச்சு விட்டார். இத்தனை வருஷமாக அந்த மூச்சை எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்து உலர்ந்த சேலை, கலைந்த தலை, வீங்கிய கண்.

"நீ சாப்புட்டியாம்மா?" என்று கேட்டார்.

அந்த நாளில் அவளிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை.